ஒயின் பீப்பாயில் கிடந்த மால்ட் விஸ்கி: புதிதாக ருசிப்பவர்களுக்கு

"தம்பி, இதுல விஸ்கியோட ஒயினையும் சேத்து ஊத்தியிருக்கானா?"

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டு மாமா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பாட்டிலைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, லேபிளை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டார். அவருடைய பூட்டன் கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலேறி வந்தவர். மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. தமிழ் பேச ஓர் ஆள் கிடைத்தான் என்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் என் வாசலுக்கு வந்து உட்காருவார். வாழ்நாள் முழுக்க அவர் குடித்தது 'கேன்' என்று டர்பனில் சொல்லும் கரும்புச் சாராயம், அதுவும் கோக் கலந்து. விஸ்கி அவருக்குக் கல்யாண வீட்டுச் சரக்கு.

"இல்ல மாமா. ஒயின் இருந்த பீப்பாய்ல இந்த விஸ்கி கொஞ்ச நாள் கெடந்திருக்கு, அவ்வளவுதான்."

"வெறும் பீப்பாய்ல கெடந்ததுக்கா இம்புட்டு பெரிய எழுத்து?"

முதல் கேள்விக்குச் சட்டமே பதில் சொல்லிவிடும். ஸ்காட்ச் விஸ்கியில் தண்ணீரும், நிறத்துக்காகச் சேர்க்கும் கருகிய சர்க்கரைப் பாகும் தவிர வேறு எதையும் கலக்கக்கூடாது. ஒயினைக் கொட்டிக் காலி செய்த பிறகுதான் அந்தப் பீப்பாயில் விஸ்கியை நிரப்ப முடியும். இரண்டாவது கேள்வி அத்தனை லேசானதல்ல. பெரிய எழுத்துக்குத் தகுதியான பாட்டில்களும் உண்டு, தகுதியில்லாதவையும் உண்டு. இரண்டையும் நாக்கால் பிரித்தறிவது எப்படி என்பதைத்தான் அன்று மாமாவுக்குச் சொன்னேன். சொல்லும்போது நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன்.

முதலில் மால்ட். கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி, முளைவிட்டதும் காயவைத்து அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுவோமே, அதே வேலையைப் பார்லியில் செய்தால் மால்ட். முளைவிடும்போது தானியத்துக்குள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் எழும்பும். வேர் நீளுவதற்குள் சூடு காட்டி முளையை நிறுத்திவிடுவார்கள். பிறகு அரைத்து வெந்நீரில் கரைத்து, அந்த இனிப்புத் தண்ணீரில் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவிட்டு, செம்புக் கொப்பரையில் பெரும்பாலும் இரண்டு தடவை வடிப்பார்கள். வருவது தண்ணீர் போலத் தெளிந்த, சுமார் 70 சதவீதம் ஆல்கஹால் உள்ள வடிநீர். நிறம் என்று சொல்ல அதில் ஒரு துளிகூடக் கிடையாது. நாம் விஸ்கி என்று கற்பனை செய்யும் அந்தப் பொன்னிறம் மரம் தருவது (சில பாட்டில்களில் கருகிய சர்க்கரையும் கை கொடுத்திருக்கும்).

'சிங்கிள் மால்ட்' என்றால் ஒரே பீப்பாய் என்று பலரும் நினைக்கிறார்கள். ஒரே வடிசாலை என்பதுதான் அதன் பொருள். நூறு பீப்பாய்களைக் கலந்தாலும், எல்லாம் ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு செய்தவை என்றால் அது சிங்கிள் மால்ட்தான். இங்கே தென்னாப்பிரிக்காவில் இன்னொரு குழப்பமும் உண்டு. கடைகளில் தாராளமாகக் கிடைக்கும் பெய்ன்ஸ் நல்ல சரக்குதான், பன்னாட்டுப் பரிசுகளும் வாங்கியிருக்கிறது. ஆனால் அது மக்காச்சோளத்தில் செய்வது, மால்ட் அல்ல. அதைச் செய்யும் வெலிங்டன் ஊர் ஜேம்ஸ் செட்ஜ்விக் வடிசாலையிலிருந்தே த்ரீ ஷிப்ஸ் மால்ட்டும் வருகிறது. 2003இல் வெளிவந்த த்ரீ ஷிப்ஸ் 10 வருட மால்ட்தான் இந்நாட்டின் முதல் சிங்கிள் மால்ட். அதன் பின்னால் இருந்த ஆண்டி வாட்ஸ் இங்கிலாந்திலிருந்து கிரிக்கெட் ஆட வந்தவர் என்று மாமாவிடம் சொன்னதும், விஸ்கியை மறந்துவிட்டுக் கால் மணி நேரம் கிங்ஸ்மீட் மைதானக் கதை ஓடியது.

மீன்சட்டி

மாமா வீட்டு அத்தையிடம் ஒரு மண்சட்டி இருக்கிறது. முப்பது வருடமாக அதில் மீன்குழம்பு மட்டும்தான். அதை எத்தனை தடவை கழுவிக் கவிழ்த்தாலும் சரி, மறுநாள் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் போதும், புளியும் மீனும் வந்து முன்னால் நிற்கும். மண்ணின் நுண்துளைகளுக்குள் குழம்பு போய் உட்கார்ந்திருக்கிறது.

ஓக் மரமும் அப்படித்தான். 225 லிட்டர் பிடிக்கும் ஒயின் பீப்பாயில் ஒயினைக் காலி செய்தாலும் பலகைக்குள் சில லிட்டர் ஊறித் தங்கியிருக்கும். ஒயின் 13, 14 சதவீத ஆல்கஹால். விஸ்கி பீப்பாய்க்குள் போகும்போது அறுபதுக்கும் மேல். அவ்வளவு காரமான திரவம் உள்ளே போனதும், ஒயினால் தொட முடியாத மரச்சத்தையும் இழுக்கும், ஒயின் விட்டுப்போனதையும் சேர்த்து இழுக்கும். இதில் மந்திரம் எதுவும் இல்லை. வெறும் தண்ணீரில் போட்ட வெந்தயத்துக்கும் எண்ணெயில் போட்ட வெந்தயத்துக்கும் உள்ள வித்தியாசம் போலத்தான், எதில் எது இறங்கும் என்பதுதான் கணக்கு.

பெரும்பாலான மால்ட் விஸ்கி தன் காலத்தின் பெரும்பகுதியைக் கழிப்பது ஒயின் பீப்பாயில் அல்ல, பர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில். பர்பனை உட்புறம் தீயில் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. ஒரு தடவை பயன்படுத்திய பீப்பாய் அவர்களுக்குப் பர்பன் செய்ய உதவாது. அதனால் உலகமெங்கும் அது மலிவாகக் கிடைக்கிறது. அமெரிக்க ஓக் வெனிலாவும் தேங்காயும் தரும். கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் நல்ல பர்பன் பீப்பாய் மால்ட்டை முகர்ந்தால் தேங்காய் பர்பி ஞாபகம் வரும். மரத்திலுள்ள லாக்டோன் என்ற சேர்மங்கள் செய்யும் வேலை அது. வெனிலா வாசனைக்குக் காரணமான வெனிலின், மரத்தின் லிக்னின் சூட்டில் உடைந்து வருவது.

அப்படி மூன்று வருடமோ பத்து வருடமோ கிடந்த விஸ்கியை எடுத்து, ஒயின் இருந்த பீப்பாய்க்கு மாற்றி, சில மாதங்கள் வைத்து, பிறகு பாட்டிலில் அடைப்பதைத்தான் 'ஃபினிஷ்' என்கிறார்கள். சட்டி மாற்றி ஒரு கொதி விடுவது போல. இந்த முறையை 1980களில் பால்வெனி வடிசாலையில் டேவிட் ஸ்டுவர்ட் செய்து பார்த்தார். 1993இல் பால்வெனி டபுள்வுட் வந்தது: பர்பன் பீப்பாயில் பன்னிரண்டு வருடத்துக்குக் குறையாமல், பிறகு ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாயில் சுமார் ஒன்பது மாதம். தொண்ணூறுகளில் க்ளென்மோரஞ்சி வடிசாலையும் போர்ட் ஒயின் பீப்பாய், மடீரா ஒயின் பீப்பாய் என்று வரிசையாக இறக்கியது. அதற்குப் பிறகு இந்தச் சொல்லை லேபிளில் போடாத வடிசாலை குறைவு.

இந்தச் சொல்லில் ஒரு வம்பும் இருக்கிறது. விழுங்கிய பிறகு தொண்டையில் நிற்கும் சுவைக்கும் ஆங்கிலத்தில் 'ஃபினிஷ்' என்றுதான் பெயர். "லாங் ஃபினிஷ்" என்று எழுதியிருந்தால் பீப்பாயில் நீண்ட காலம் கிடந்தது என்று அர்த்தமில்லை. நான் பீப்பாய் மாற்றுவதை மட்டும் ஃபினிஷ் என்கிறேன். தொண்டையில் நிற்பதற்குப் பின்சுவை என்ற நம் சொல்லே போதும்.

எந்த ஒயின், என்ன சுவை

ஷெர்ரி ஸ்பெயினின் ஹெரெஸ் பகுதியில் செய்வது. அதில் ஒலொரோசோ வகை இனிப்பில்லாதது, வறுத்த வாதுமை வாசனை. பெத்ரோ ஹிமெனெஸ் என்பது வெயிலில் காயவைத்த திராட்சையில் செய்வது, கருப்பட்டிப் பாகு போல ஊற்றலாம். இந்த ஒயினெல்லாம் இப்போது ஸ்பெயினிலேயே பாட்டிலில் அடைக்கப்படுவதால், பழைய காலம் போல ஷெர்ரி ஏற்றி வந்த பீப்பாய் துறைமுகத்தில் காலியாகக் கிடைப்பதில்லை. விஸ்கிக்காகவே ஷெர்ரி ஊற்றி ஊறவைத்துத் தயார் செய்கிறார்கள். விலை ஏறுவதற்கு அது ஒரு காரணம். போர்ட், போர்த்துகலின் டோரோ பள்ளத்தாக்கில் பிராந்தி சேர்த்துச் செய்யும் இனிப்பு ஒயின். செம்பழ வாசனையும் சில சமயம் இளஞ்சிவப்பு நிறமும் தரும். சோட்டெர்ன் என்ற பிரெஞ்சு வெள்ளை இனிப்பு ஒயின் தேனையும் ஆப்ரிகாட் பழத்தையும் கொண்டுவரும். ஷார்டனே என்ற வெள்ளை ஒயின் இருந்த பீப்பாய் அடக்கமானது: பேரிக்காய், வெண்ணெய், கொஞ்சம் தேன். மற்றவை பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம்.

சிவப்பு ஒயின்தான் தகராறு பிடித்தது. இங்கே ஸ்டெல்லன்போஷில் 1925இல் ஆபிரகாம் பெரோல்ட் என்ற பேராசிரியர் பினோ நுவாரையும், அப்போது இங்கே ஹெர்மிடாஜ் என்று அழைக்கப்பட்ட சின்சோவையும் ஒட்டுச்சேர்த்து உருவாக்கிய திராட்சை பினோடாஜ். அந்தத் திராட்சையின் ஒயின் இருந்த பீப்பாயில் முடித்த மால்ட்டை த்ரீ ஷிப்ஸ் வெளியிட்டிருக்கிறது. ஆக, நம் நாட்டுத் திராட்சைக்கும் இந்த விளையாட்டில் ஓர் இடம் உண்டு. (கேப் பகுதி ஒயினின் பெருமையைப் பேசும்போதெல்லாம் 'டாப்' ஞாபகம் வந்துவிடுகிறது. அந்தத் தோட்டங்களில் கூலியில் ஒரு பகுதியை மலிவு ஒயினாகவே கொடுத்த காலம் அது. கரும்புக் காட்டில் பிறந்த மாமாவுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.)

சிவப்பு ஒயின் பீப்பாய் ஏன் தகராறு? துவர்ப்பு. ஆங்கிலத்தில் இதை 'டானின்' என்று ஒரு வேதிப்பொருளின் பெயரைச் சொல்லி, 'வாய் உலர்கிறது' என்று பக்கம் பக்கமாக விளக்குவார்கள். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. அறுசுவையில் அதற்கு ஓர் இடம் போட்டுவைத்தவர்கள் நாம். வாழைப்பூ, நெல்லிக்காய், நாவல்பழம், பாக்கு என்று நாலு சொன்னால் எந்தக் குழந்தைக்கும் புரியும். நாவல்பழம் தின்ற நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறதே, அதேதான். அளவோடு இருந்தால் துவர்ப்பு இனிப்பை நிறுத்திப் பிடிக்கும். மிஞ்சினால் பாக்கு மென்ற வாய். போன வருடம் தள்ளுபடியில் வாங்கிய ஒரு பாட்டில் அப்படித்தான் இருந்தது. பெயர் எதற்கு, விடுங்கள். முதல் வாய் செர்ரிப்பழ ஜாம், இரண்டாம் வாய் கொட்டைப்பாக்கு, மூன்றாம் வாய்க்கு நான் போகவில்லை. கடைசியில் கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழம் ஊறவைக்க மனைவி எடுத்துக்கொண்டாள். கேக் பிரமாதம்.

பழைய ஒயின் பீப்பாயை உள்ளே சீவி, மிதமாகச் சுட்டு, மறுபடி கருக்கிப் பயன்படுத்தும் ஒரு வழி இருக்கிறது. ஜிம் ஸ்வான் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர் பல நாடுகளில் அதைப் பரப்பினார். ஒயினில் ஊறிக் களைத்த மேல்தோல் போய், அடியிலிருக்கும் புது மரம் கிடைக்கும். லேபிளில் எஸ்.டி.ஆர். என்று மூன்றெழுத்து பார்த்தால் இதுதான்; சீவி, சுட்டு, கருக்கி என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்.

மலிவு எப்படிச் சாத்தியம்

நான் அன்று மாமா முன்னால் வைத்தது க்ளென் மோரே, போர்ட் பீப்பாயில் முடித்தது. ஸ்காட்லாந்தில் எல்ஜின் ஊர் வடிசாலை. ஒரு காலத்தில் பீர் காய்ச்சிய இடத்தை 1897இல் விஸ்கிக்கு மாற்றினார்கள். பன்னிரண்டு வயது எழுதிய பெரிய பெயர்களின் விலையோடு ஒப்பிட்டால் இது நிறையக் குறைவு. காரணம் ஒன்றல்ல. லேபிளில் வயது எண் இல்லை. எண் இல்லையென்றால் பெரும்பாலும் இளசு என்று கொள்ளலாம், ஆனால் சட்டப்படி மூன்று வருடத்துக்குக் குறையாது. காலத்தின் பெரும்பகுதி மலிவான பர்பன் பீப்பாயில் கழிகிறது, போர்ட் பீப்பாயில் கிடப்பது கடைசி எட்டு மாதம்தான். போதாக்குறைக்கு வடிசாலையை வைத்திருக்கும் பிரெஞ்சு நிறுவனமான லா மார்த்தினிக்கேஸுக்குப் போர்த்துகலில் போர்ட் ஒயின் தொழிலும் உண்டு. பீப்பாய்க்கு வெளியே போய்க் கைநீட்ட வேண்டியதில்லை.

இங்கேதான் என் சந்தேகமும் ஆரம்பிக்கும். மலிவு மால்ட்டில் ஃபினிஷ் இரண்டு விதமாக வேலை செய்யலாம். சோறும் நன்றாக இருந்து, பக்கத்தில் மாவடுவும் இருந்தால் சாப்பாடு ஒரு படி ஏறும். உப்புச்சப்பில்லாத சோற்றை ஊறுகாய் தொட்டு உள்ளே இறக்குவது வேறு கதை. இளம் விஸ்கியின் காரத்தையும் பச்சை வாசனையையும் ஒயினின் இனிப்பால் மூடிவிட முடியும். ஆகவே மலிவான ஒயின் ஃபினிஷைக் குடிக்கும்போது 'ஒயின் தெரிகிறதா' என்று தேடிப் பயனில்லை, அது எப்படியும் தெரியும். அதற்குப் பின்னால் பார்லி இருக்கிறதா என்று தேட வேண்டும்.

ருசித்த மதியம்

ஆகஸ்ட் ஞாயிறு. டர்பன் குளிர்காலம் என்பது மெல்லிய ஸ்வெட்டர் அளவுதான். மாமா இரண்டு எவர்சில்வர் டம்ளரோடு வந்தார். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நிறம் தெரியாது, வாய் அகலமாக இருப்பதால் வாசனையும் நிற்காது. வயிறு பருத்து வாய் குறுகிய கண்ணாடிக் குவளை வேண்டும், சின்ன ஒயின் கிளாஸ் இருந்தாலும் போதும்.

வாசலில் உட்கார்ந்து ஊற்றியது என் தப்பு. உள்ளே அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தது, சாமி அறையிலிருந்து ஊதுபத்தி வேறு. கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோனால் மசாலா தடவிய ஷாட் மீன் மணக்கிறது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் கறிவேப்பிலை மரத்தடிக்குப் போனோம். ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றித் தரும் டர்பன் 'பன்னி சவ்' சாப்பிட்ட வாயோடும் இதைச் செய்யாதீர்கள். டர்பன் காரம் நாக்கில் அரை நாள் நிற்கும். காலையில் இட்லி மாதிரி ஏதாவது சாப்பிட்டு, நடுவில் தண்ணீர் குடித்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்பு உட்காருவதுதான் சரி.

ஆளுக்கு ஒரு டாட், இங்கே அது 25 மில்லி. மாமாவுக்கு அது அவமானமாகப் பட்டது. "மருந்து மாதிரி ஊத்துறியே தம்பி." ருசிக்க அதற்கு மேல் தேவையில்லை. குடித்தபின் வண்டியைத் தொடப்போவதும் இல்லை. இந்நாட்டில் ரத்தத்தில் 100 மில்லிக்கு 0.05 கிராம்தான் எல்லை, சின்ன உடம்புக்கு அது சீக்கிரம் வந்துவிடும்.

நிறம் பார்க்க நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, வெள்ளைப் பின்பக்கத்தை கிளாஸுக்குப் பின்னால் பிடித்தேன். செம்பு நிறம், ஓரத்தில் மாதுளை கழுவிய தண்ணீர் போல லேசான சிவப்புச் சாயல். நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

முகர்வதில்தான் எல்லோரும் தவறுவார்கள். ஒயினை முகர்வதுபோல மூக்கைக் கிளாஸுக்குள் விட்டால் ஆல்கஹால் மூக்குத் துளையைச் சுட்டுவிடும், அடுத்த ஐந்து நிமிடம் எதுவும் தெரியாது. மாமா அதைத்தான் செய்தார், கண்ணில் நீர் வந்தது. கிளாஸைத் தாடைக்கு நேராகப் பிடித்து, வாயைக் கொஞ்சம் திறந்துவைத்து, மெதுவாக மேலே கொண்டுவர வேண்டும். வாய் திறந்திருந்தால் காரம் குறைவாகத் தெரியும். முதலில் வருவதை நம்ப வேண்டாம். ஊற்றிய உடனே எழுவது ஆல்கஹாலின் சலசலப்பு. பத்து நிமிடம் அப்படியே வைத்துவிட்டுக் கதை பேசலாம்.

பத்து நிமிடம் கழித்து மாமா முகர்ந்தார். நெற்றி சுருங்கியது.

"அத்தை பாயசத்துக்குத் திராட்சை வறுப்பா பாரு, நெய்ல போட்டதும் உப்புமே…"

அதைவிட நல்ல குறிப்பை நான் எந்த விஸ்கிப் பத்திரிகையிலும் படித்ததில்லை. ஸ்ட்ராபெர்ரி, ப்ளம் என்று அந்நியப் பழங்களின் பட்டியலை மனப்பாடம் செய்து முகர்ந்தால் அந்தப் பழங்கள்தான் தெரியும், விஸ்கி தெரியாது. உங்கள் அடுப்படியிலிருந்து வார்த்தை எடுங்கள். அந்தத் திராட்சைதான் போர்ட் பீப்பாயின் பங்கு. அதை ஒதுக்கிவைத்துவிட்டு மறுபடி முகரச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை என்றார். பிறகு, "ரொட்டி சுடுற மாதிரி ஒண்ணு இருக்கு" என்றார். அதுதான் பார்லி. அதற்கும் திராட்சைக்கும் நடுவே வெனிலா பிஸ்கட் போல மெலிதாக ஒன்று, அது பர்பன் பீப்பாய். மூன்றும் தனித்தனியாகக் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முகரும்போது தீக்குச்சி உரசிய வாசனையோ ரப்பர் வாசனையோ வந்தால் அது உங்கள் மூக்கின் கோளாறல்ல. காலிப் பீப்பாய் கெடாமல் இருக்கக் கந்தகம் எரிப்பது ஒயின்காரர்களின் பழைய வழக்கம். அதன் மிச்சம் சில சமயம் விஸ்கிக்குள் வந்துவிடும். சிலருக்கு அது பிடிக்கவும் செய்யும், எனக்கு ஆகாது.

பிறகு வாய். அரை ஸ்பூன் அளவு, நாக்கு முழுக்கப் பரவவிட்டு, ஐந்தாறு நொடி வைத்து விழுங்க வேண்டும். முதல் மிடறு கணக்கில் வராது. அது வாயைப் பழக்குவதற்கு. இரண்டாவதில் வரிசையைக் கவனியுங்கள். அன்றைய பாட்டிலில் முதலில் இனிப்பு, கருப்பட்டியல்ல, பனங்கற்கண்டு. உடனே இஞ்சி கடித்தது போல ஒரு காரம், அதுதான் இளமை. அது அடங்கும்போது நாக்கின் ஓரங்களில் நாவல்பழத் துவர்ப்பு, ஆனால் பாக்குக்குப் போகவில்லை. விழுங்கிய பின் திராட்சை சீக்கிரம் போய்விட்டது, பிஸ்கட் வாசனை கொஞ்சம் நின்றது. பின்சுவை குட்டைதான், மறைப்பதற்கில்லை. விலைக்கு மேல் எதிர்பார்க்க முடியாத இடம் அதுதான்.

"இப்ப தண்ணி ஊத்தலாமா, கௌரவக் கொறச்சலா?" என்றார் மாமா. ஒரு குறைச்சலும் இல்லை. இங்கே விற்கும் விஸ்கி 43 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். அதே பெயர் பாட்டிலை இங்கிலாந்தில் 40இல் பார்க்கலாம், சென்னையில் 42.8. ஆக, நம் பாட்டிலில் கொஞ்சம் தண்ணீருக்கு இடமிருக்கிறது. 25 மில்லியில் அரை டீஸ்பூன், அதாவது இரண்டரை மில்லி சேர்த்தால் 43 என்பது 39 அளவுக்கு இறங்கும். காரம் இறங்க, அதற்குப் பின்னால் ஒளிந்திருந்தது எட்டிப்பார்க்கும். தண்ணீர் சேர்ப்பது மலிவு ஃபினிஷுக்கு நல்ல பரீட்சையும்கூட: ஒயின் வெறும் மேல்பூச்சாக இருந்தால் தண்ணீர் பட்டதும் சர்பத் போலத் தனியாகப் பிரிந்து நிற்கும், அடியில் ஒன்றும் இருக்காது. இந்தப் பாட்டிலில் தண்ணீர் பட்டபின் ரொட்டி முன்னால் வந்தது, திராட்சை பின்னால் போனது. எனக்கு அது போதும், இந்த விலைக்கு வாங்கலாம்.

ஐஸ் வேண்டாம். குளிரில் வாசனை எழாது, துவர்ப்பு மட்டும் தூக்கிக் காட்டும். டிசம்பர் புழுக்கத்தில் ஐஸ் போட்டுக் குடிக்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை, ஆனால் அன்று ருசிக்கிறேன் என்று சொல்லாதீர்கள்.

வசதியிருந்தால் ஒரே வடிசாலையின் சாதா மால்ட்டையும் ஃபினிஷ் செய்ததையும் பக்கம் பக்கமாக வைத்துக் குடித்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் புரிவது, பத்துப் பாட்டிலைத் தனித்தனியாகக் குடித்தாலும் புரியாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஒயின் பீப்பாய், வேறொன்றுமில்லை. நான்கு பேர் காசு போட்டு இரண்டு பாட்டில் வாங்குவது இங்கே ஒன்றும் புதிதல்ல.

புரட்டாசிக்கு முன்னும் பின்னும்

செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறந்துவிட்டது. அந்த மாதம் சாட்ஸ்வர்த்தில் பாதித் தெரு கவிச்சி தொடாது, மாமா குடியும் தொடமாட்டார். மூன்றில் ஒரு பங்கு குறைந்த பாட்டிலை இறுக மூடி, வெயில் படாத அலமாரியில் நிறுத்தி வைத்தேன். ஒயினைப் போல விஸ்கியைப் படுக்கவைக்கக்கூடாது, வீரியமான ஆல்கஹால் தக்கையைத் தின்றுவிடும்.

தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி திறந்தோம். ஒயின் என்றால் திறந்து ஒரு வாரத்தில் புளித்திருக்கும். விஸ்கி கெடாது, ஆனால் மாறும். பாட்டிலுக்குள் இருந்த காற்று தன் வேலையைச் செய்திருந்தது. இஞ்சிக் காரம் மழுங்கியிருந்தது, பழ வாசனை ஒரு படி இறங்கியிருந்தது, பிஸ்கட்டும் தேனும் மேலே வந்திருந்தன. எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது. மாமாவுக்கு ஆகஸ்டு பாட்டில்தான் பிடித்ததாம். "அப்ப திராட்சை இருந்துச்சு" என்றார். இருவரும் சரி. பாட்டிலில் கால்வாசிக்குக் கீழே போய்விட்டால் மாற்றம் வேகமெடுக்கும், அப்போது ஆறப்போடாமல் முடித்துவிடுவது நல்லது.

இரண்டாவது டாட்டில் மாமா கோக் ஊற்றிக்கொண்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கிளாஸ்களைக் கழுவாமல் வைக்க மாமாவிடம் சொல்லியிருந்தேன். ஆல்கஹால் பறந்து, ஒயினின் மேல்பூச்சும் போய், கிளாஸின் அடியில் காய்ந்து நிற்பதைக் காலையில் முகர்ந்தால் விஸ்கியின் எலும்பு தெரியும். அத்தையிடம் இதைச் சொல்ல மறந்துவிட்டோம். தீபாவளிக் காலை, எண்ணெய் தேய்த்த தலையோடு அடுப்படியில் நின்றவர், மாமாவின் கோக் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என் கிளாஸை எடுத்தார். குழாயைத் திறக்கப் போனவர் நின்று, கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார்.

"யாருப்பா இதுல பாயசம் குடிச்சது? இன்னும் வைக்கவே இல்லியே."